இரண்டு குரலில் படித்த கடிதம்

அந்த வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, மிஷன் பெண்கள் பள்ளியின் வேலியோரம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பின்னால் கோர்ட்டில் மூன்று சாட்சிகள் தனித்தனியே அதையே சொன்னார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் என் மகள் எஸ்தர். வயது பதினாறு. ஆசிரியைப் பயிற்சிக்குப் போகும் முன், மேல்வகுப்புப் பெண்கள் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிப் பழக வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முறை. அன்றைக்குப் பொருட்பாடம். ஏதாவது ஒரு பொருளை நேரில் காட்டி, அதன் நிறம், கனம், பயன் எல்லாவற்றையும் குழந்தைகள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். முந்தின வாரம் பஞ்சு. அதற்கு முந்தின வாரம் உப்பு. அந்த வாரம் கல்.

கல் என் மேசையிலிருந்து போனது.

வேலிக்கு அப்பால் சுரங்கத்துக்குப் போகிற பாதை. அதில் வந்த கம்பெனிக் காவல் ஜமேதார் நின்று பார்த்தார். ஒரு குழந்தை கல்லை வெயிலில் தூக்கிப் பிடித்து, "அக்கா, மின்னுது அக்கா!" என்று கத்தியது. ஜமேதார் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார்.

நான் அப்போது ஒரு மைல் தள்ளி, கோர்ட்டு வராந்தாவில், யாரோ ஒருவரின் வாக்குமூலத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று விடியற்காலையில் வீட்டில் என் காகிதங்கள் காற்றில் பறந்தன. எடுத்து அடுக்கி, மேலே மசிக்கூட்டை வைத்தேன். எப்போதும் அங்கே இருக்கும் கல் எங்கே என்று யோசிக்கவில்லை. முந்தின நாள் எஸ்தர், "நைனா, இந்தக் கல்ல நாளைக்கி எடுத்துக்கவா?" என்று கேட்டதும், நான் எழுதிக்கொண்டே "உம்" என்றதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

தங்கவயலில் கல் என்பது மற்ற ஊர்களில் போல் வெறும் கல் அல்ல. பொன் ஓடிய கல் ஒருவர் கையில் இருந்தால், அது எப்படித் தம்மிடம் வந்தது என்று அவர்தாம் சொல்ல வேண்டும். சொன்னது கோர்ட்டுக்குத் திருப்தியாக இல்லையென்றால் அதுவே குற்றம். இந்தச் சட்டத்தில் மாட்டியவர்களுக்காகப் பல வருஷம் மனு எழுதியவன் நான். அந்த மனுக்கள் பறந்துவிடாமல் இத்தனை காலம் அமுக்கிப் பிடித்திருந்தது அந்தக் கல்தான்.

இப்போது கோர்ட்டில் இருக்கிற இளம் குமாஸ்தாக்கள் வீட்டுக்கு வந்து, "பள்ளிக்கூடத்துப் பசங்க கேசுன்னா எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அதுவும் என் எஜமானரிடம் கற்றது. அதையும் நான் காப்பாற்றவில்லை. கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வட ஆற்காட்டு மிஷன் பள்ளியில் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் இங்கே வந்தவன். என் அண்ணன் அப்போதே சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுகளுக்கு அப்போது வேலி கிடையாது, காவல் கிடையாது. வழியெல்லாம் உடைத்துப் போட்ட கல் கிடந்தது. நாங்கள் இருந்தது மூங்கில் தட்டி வீடு. நாலு பக்கமும் காற்று நுழையும். காகிதம் நிற்காது. வந்த முதல் மாதமே வழியில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். உள்ளங்கை அகலம். ஒரு ஓரத்தில் மஞ்சள் ரேகை. நைட்டு ஷிப்டு முடிந்து வந்த அண்ணன் அதைப் பார்த்து, "இன்னாடா, மேல சுத்துறவனும் கல்லு தூக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். அவ்வளவுதான் அந்தக் கல்லின் பூர்வோத்தரம்.

இரண்டு வருஷம் கம்பெனி டைம் ஆபீஸில், வேலைக்கு வருகிறவர்கள் பெயர் எழுதினேன். பிறகு கோலாரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து வழக்கு நடத்திய வக்கீல் நரசிங்க ராவ் அவர்களுக்குத் தமிழில் எழுதவும் கன்னடம் புரிந்துகொள்ளவும் ஆள் தேவைப்பட்டது. போனேன். பதினேழு வருஷம் இருந்தேன்.

அவர் குள்ளமான மனிதர். கோட்டுக்குக் கீழே பஞ்சகச்சம், காலில் எப்போதும் புழுதி. கட்சிக்காரர் உட்காராமல் தாம் உட்காரமாட்டார். சுரங்கத்துக் கூலிகள் வக்கீல் முன்னால் உட்காரத் தெரியாதவர்கள். அதனால் பல நாள் இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசுவார்கள். அவசரம் என்று நான் முனகினால், "நீ உட்காரு குமாஸ்தா, உனக்குக் கால் வலிக்குது போல இருக்கு" என்பார். ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் உடனே அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். பதில் சொன்னவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தில்தான் உண்மையான பதில் வரும் என்பது அவர் எண்ணம். மாணவர்கள் வந்தால் மட்டும் முதல் கேள்வி வேறு. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பாடம்?" அழுதுகொண்டு வந்த பையன் திகைத்துப்போய் ஏதாவது ஒரு நதியின் பெயரைச் சொல்வான். "பேஷ். அப்ப நீ இன்னும் ஸ்டூடண்ட்தான். அந்த இடத்த விடாம புடிச்சுக்கோ" என்பார்.

மாணவர் வழக்குகளில் அவருக்கு அந்த முறை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முனிசாமி என்று ஒரு பையன். பதினான்கு வயது. தகப்பன் பூமிக்கடியில் வேலை. அந்த நாளில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆளுக்கு இத்தனை மெழுகுவர்த்தி என்று கணக்காகக் கொடுப்பார்கள். அந்த வெளிச்சத்தில்தான் கீழே வேலை. சிக்கனமாக எரித்தால் ஷிப்டு முடிவில் சுண்டுவிரல் நீளத்துக்கு மிச்சம் இருக்கும். அதைத் தலைப்பாகை மடிப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் தகப்பன். பையன் அந்தத் துண்டுகளில்தான் படித்தான். வகுப்பில் முதல் பையன். ஒரு நாள் அவன் பையைத் தட்டியபோது நாலு மெழுகுத் துண்டு விழுந்தது. வாத்தியார் பார்த்தார், தலைமையாசிரியர் பார்த்தார், அதற்குள் கம்பெனிக் காவலுக்கும் செய்தி போய்விட்டது.

தலைமையாசிரியர் கெட்டவரல்ல. "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுடா. அதோட முடிச்சுடறேன்" என்றார். பையன் எழுதினான். முதல் மார்க்குப் பையனாயிற்றே, அழகாகவே எழுதினான்: தகப்பனார் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்த மெழுகுவர்த்தியில் படித்தது என் குற்றம், இனிச் செய்யமாட்டேன் என்று.

அந்தக் கடிதம் கோர்ட்டுக்கு வந்தது. நாங்கள் வழக்கை எடுத்தபோது அது ஏற்கெனவே வழக்குக் கட்டுக்குள் இருந்தது. கொடுத்த மெழுகுவர்த்தி அந்த ஷிப்டில் தொழிலாளிக்கே உரியது, மிஞ்சினதைத் திருப்பிக் கேட்கும் வழக்கமே கிடையாது என்று ராவ் அவர்கள் ஒரு மணி நேரம் வாதாடினார். மாஜிஸ்திரேட் கேட்டார், தலையாட்டினார், கடைசியில் கடிதத்தைக் கையில் எடுத்தார். 'எடுத்து வந்த' என்றும் 'குற்றம்' என்றும் பையனே எழுதியிருக்கிறான். தகப்பனுக்கு வேலை போயிற்று. பையனுக்கு ஆறு பிரம்படி. பள்ளியில் பெயர் நீக்கம்.

தாயார் கோர்ட்டு வாசலில் ராவ் அவர்களை மறித்தாள். "இன்னா ஐயா இது? இருட்டுல கண்ணு கெட்டுப் படிச்சா பாஸு, வெளிச்சத்துல படிச்சா அடியா? அப்ப அதையும் ஒரு சட்டமா எழுதச் சொல்லுங்க. எங்க புள்ளைங்க தெரிஞ்சிக்கட்டும்."

அன்று அவர் கோலாருக்குத் திரும்பும் வண்டியை விட்டுவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து, கடிதத்தின் பிரதியை என்னிடமிருந்து வாங்கி, உரக்கப் படித்தார். முதல் தடவை தலைமையாசிரியர் குரலில்: இளகிய குரல், தலையைத் தடவிக் கொடுப்பது போல. மறு தடவை போலீஸ் இன்ஸ்பெக்டர் குரலில். அதே எழுத்து, அதே வாக்கியம். இரண்டாம் தடவை கேட்டபோது அது குற்ற ஒப்புதலாக இருந்தது.

"நோடு, பாரு குமாஸ்தா. ஸ்கூலுக்கு எழுதற ஒவ்வொரு காகிதமும் கோர்ட்டுக்கும் போற காகிதம். இத நான் முன்னாடியே படிச்சிருக்கணும்."

அன்று முதல் மாணவர் வழக்கு எது வந்தாலும் ஒரு முழுத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். இடப் பக்கம் கோர்ட்டு. வலப் பக்கம் பள்ளிக்கூடம். பள்ளிக்கு எழுத வேண்டிய சொல்லை வலப் பக்கம் எழுதி, அது இடப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று எதிரே எழுதுவார். முதல் நாளே பள்ளிக்குப் போவார். வழக்கு முடியும்வரை பெயரை நீக்காதீர்கள் என்று கேட்பார். கடிதம் கேட்டால், "நடந்ததைச் சொல்லலாம், அதுக்குப் பேர் வைக்க வேண்டாம். பேர் வைக்கிறது மாஜிஸ்திரேட் வேலை" என்பார். பிறகு கடிதத்தை இரண்டு குரலிலும் படிப்போம். பெரும்பாலும் தலைமையாசிரியராக அவர், இன்ஸ்பெக்டராக நான். "இன்னும் மிரட்டிப் படி. உன் இன்ஸ்பெக்டருக்குப் பசி போல இருக்கே" என்று கேலி செய்வார். இன்ஸ்பெக்டர் குரலில் குத்துகிற சொல்லையெல்லாம் அடித்துவிடுவோம். கோரமண்டல் சுரங்கத்துப் பக்கத்துத் துரை பங்களாவின் கண்ணாடி உடைந்த கேசில் மூன்று பையன்களை இப்படித்தான் மீட்டோம். மூன்று பேரும் பரீட்சை எழுதினார்கள். அந்த வராந்தாவும் அந்தச் சிரிப்பும் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

கூலிக்காரர்களுக்கு எழுதும் மனு வேறு. தீர்ப்பான பிறகு தண்டனையைக் குறைக்கக் கேட்பது அது. அதில் நான் கைதேர்ந்தவன் என்று பெயர். 'தங்கள் சமூகத்தின் கருணையையே தஞ்சமென நம்பி, அறிந்தோ அறியாமலோ நேர்ந்த இக்குற்றத்தைப் பொறுத்தருள' என்று என்னுடைய வாக்கியம் ஒன்று உண்டு. "குமாஸ்தா எழுதுனா மாஜிஸ்திரேட்டு கண்ணுல தண்ணி வந்துடும்" என்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன்களில் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை. ராவ் அவர்கள் கண் மங்கித் தொழிலை விட்டுக் கோலாரில் ஒதுங்கிய பிறகு, நான் வேறு வக்கீல்களுக்கு எழுதினேன். கோடு போட்ட தாள் குறைந்தது. அந்த வாக்கியம் மட்டும் பெருகிற்று.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பள்ளிச் சேவகர் மூச்சிரைக்க வந்து சொன்னதும் ஓடினேன். ஜமேதார் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். பள்ளித் தலைவி, நாங்கள் மிஸ்ஸியம்மாள் என்று கூப்பிடும் வெள்ளைக்கார அம்மாள், தம் அறையில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் சுவரோரம் நின்றிருந்தாள். கையில் இன்னும் சுண்ணாம்புக்கட்டி.

"உம்முடைய மகள் நல்ல பெண்" என்றார் மிஸ்ஸியம்மாள், புத்தகத் தமிழில். "ஒரு மன்னிப்புக் கடிதம் இருக்குமாகில் நான் கம்பெனியாரிடத்தில் பேசக்கூடும். பள்ளியின் மட்டில் காரியம் முடிந்துபோகும்."

முனிசாமியின் தலைமையாசிரியர் சொன்ன அதே வார்த்தை. நம்பாதே என்று மற்றவர்கள் பிள்ளைகளிடம் நான் பதினேழு வருஷம் சொன்ன வார்த்தை. அது என் காதில் விழுந்தபோது எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முடிந்துபோகும். பேனாவை வாங்கி எஸ்தர் கையில் கொடுத்தேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா?" என்றாள். "கல்லு கொண்டாரச் சொன்னாங்க, கொண்டாந்தேன். பாடக் குறிப்புல எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டேன். உங்களக் கேட்டுட்டுத்தான எடுத்தேன்?"

"பேசாம எழுதும்மா. நான் சொல்றேன்."

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். என் வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை. அந்த வாக்கியம்தான் வந்தது. 'அறிந்தோ அறியாமலோ நேர்ந்த இக்' என்று எழுதிவிட்டு அவள் பேனாவைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"இத எழுதணுமா?"

"எழுது."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். சுண்ணாம்புக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். வீடு வரைக்கும் என் பக்கத்தில் நடக்கவில்லை, பத்தடி பின்னால் வந்தாள்.

மிஸ்ஸியம்மாள் சொன்னபடியே செய்தார். நல்லெண்ணத்தோடு கடிதத்தைக் கம்பெனி அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி அதைப் போலீசிடம் கொடுத்தார். மறுநாள் காலை, பொன் ஓடிய கல்லைத் தன் வசம் வைத்திருந்ததாக எஸ்தர்மேல் வழக்கு. கூடவே அத்தாட்சியாக அந்தக் கடிதம். ஜாமீனுக்கு நானே கையெழுத்துப் போட்டேன். தண்டனை என்று ஒன்று வந்தால், ஒரு நாளே ஆனாலும், ஆசிரியைப் பயிற்சிக்கு எந்த ஊரிலும் எடுக்கமாட்டார்கள்.

ராவ் அவர்களுக்கு எழுதலாம் என்று எனக்கு உடனே தோன்றியது. எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? இரண்டு நாள் போயிற்று. என் மனைவி ஞானம்மா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க வெக்கத்தக் காப்பாத்தணுமா, பொண்ணக் காப்பாத்தணுமா? நீங்க எழுதலன்னா நானே கோலாருக்குப் போறேன். ஜட்கா கெடைக்கலன்னா நடந்து போறேன்."

எழுதினேன். புதன்கிழமை காலை வண்டியில் அவர் வந்து இறங்கினார். பவுரிங்பேட்டையில் வண்டி மாறி, யாரோ கை பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனில் என் குரல் வந்த பக்கம் திரும்பி, "குமாஸ்தா, இளைச்சுப் போயிட்டியா? குரல் அப்படித்தான் இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் உட்காரும்வரை நின்றார். அவள் உட்காரவில்லை.

"இன்னிக்கு என்ன பாடம்மா?"

"பாடம் இல்லீங்க ஐயா. வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவர் முகம் மாறிற்று. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "கடுதாசு பிரதி இருக்கா? எனக்குக் கண் தெரியாது. நீதான் படிக்கணும். முதல்ல மிஸ்ஸியம்மா."

படித்தேன்.

"இப்ப இன்ஸ்பெக்டர்."

நான் பதினேழு வருஷம் படித்துப் பழகிய குரல். பாதியில் நின்றுவிட்டது. எஸ்தர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் எழுதினது?" என்றார் ராவ். "கையெழுத்தக் கேக்கல. வாக்கியம் யாருது?"

"என்னுதுங்க ஐயா."

அவர் கண் தெரியாத அந்த முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில், "எனக்குத் தெரியும். கேட்டவுடனே தெரிஞ்சது" என்றார். "அதுதான் இப்ப நம்ம கையில இருக்கிற ஒரே துருப்பு. கோடு போடு."

முதலில் பள்ளிக்குப் போனோம். எஸ்தரின் பாடக் குறிப்பு நோட்டை அவர் கேட்டார். மிஸ்ஸியம்மாள் தயங்கிக் கொடுத்தார். 'பொருட்பாடம்: கல்' என்று எழுதி, கீழே அந்த அம்மாளின் கையெழுத்தே இருந்தது. பெயர் நீக்குவதைப் பற்றி, "அது கமிட்டியாரின் காரியம்" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நாளில் ராவ் அவர்கள் மறுபடி வக்கீல் கோட்டை மாட்டினார். நான் முதல் தடவையாகச் சாட்சிக் கூண்டில் ஏறினேன். எத்தனையோ பேரை அந்தக் கூண்டுக்கு அழைத்துப் போய், "படி உயரம், பாத்து ஏறுங்க" என்று சொன்னவன். அன்று நானே தடுக்கினேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

கல் என்னுடையது, வேலியும் காவலும் வருவதற்கு முன் வழியில் எடுத்தது, மேசைமேல் காகிதத்துக்குக் கனமாக வைத்தது, மகள் கேட்டாள், நான் கொடுத்தேன் என்று சொன்னேன். சர்க்கார் வக்கீல் எழுந்தார். "அப்படியானால் குற்றவாளி நீர்தானா?"

"அதத் தனியா கேளுங்க" என்றார் ராவ். "இப்ப இந்தப் பொண்ணு."

பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, கோர்ட்டுப் பழைய கட்டுகளிலிருந்து ஏதாவது மூன்று கருணை மனுக்களை எடுத்துவரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். எது வேண்டுமானாலும், எந்த வருஷத்தது ஆனாலும் சரி என்றார். கட்டுகள் வந்தன. கோர்ட்டின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்று கோழி திருடிய ஒருவனுடையது. ஒன்று குடித்துவிட்டு ரகளை செய்த மேஸ்திரியுடையது. மூன்றாவது, கல் வழக்கில் தண்டிக்கப்பட்ட கிழவர் ஒருவருடையது. மூன்றிலும், தங்கள் சமூகத்தின் கருணையையே தஞ்சமென நம்பி, அறிந்தோ அறியாமலோ. மூன்றாவது முடிவதற்குள் மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். "போதும். எனக்கே மனப்பாடம்."

"இது ஒரு பதினாறு வயசுப் பொண்ணோட ஒப்புதல் இல்லீங்க" என்றார் ராவ். "கோழித் திருடனுக்கும் மேஸ்திரிக்கும் இவளுக்கும் ஒரே மனசாட்சி இருக்க முடியாது. இது என் குமாஸ்தாவோட பழக்கம். பயந்துபோன தகப்பன் வாயில அவனோட தொழில் வந்துடுச்சு. அந்தப் பொண்ணு எழுதினது கையெழுத்து மட்டும்."

நான் கூண்டில் நின்றிருந்தேன். தலை நிமிரவில்லை. என் வாழ்நாளின் எழுத்தெல்லாம் மூன்று காகிதத்தில் படிக்கப்பட்டுச் சிரிப்பாகி, என் மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எஸ்தர் விடுதலையானாள். கல்லைக் கம்பெனியிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். என்மேல் வழக்கு வேண்டாம், எச்சரிக்கை போதும் என்றார் மாஜிஸ்திரேட்.

ஆனால் கோடு போட்ட தாளில் வலப் பக்கம் ஒன்று இருந்ததே. அடுத்த வாரம் பள்ளிக் கமிட்டியாரிடமிருந்து இரண்டு வரி வந்தது. மாணவி தன் கைப்படக் குற்றத்தை ஏற்றுக்கொண்டிருப்பதால் பெயர் நீக்கப்படுகிறது. கோர்ட்டு ஒதுக்கித் தள்ளிய கடிதத்தைப் பள்ளிக்கூடம் நம்பிற்று.

கோலாருக்குத் திரும்பும் முன் ராவ் அவர்கள் வேலூரில் இருக்கும் ஒரு பயிற்சிப் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். அவர் சொல்ல நான் எழுதினேன். நடந்தது மட்டும். ஒரு அடைமொழி இல்லை. நான் வழக்கம்போல் ஒரு 'தாழ்மையுடன்' சேர்த்ததைப் பேனாவின் சத்தத்திலேயே கண்டுபிடித்து, "அடி அத" என்றார். அந்தக் கடிதத்தைப் பார்த்து அவர்கள் எஸ்தரை எடுத்துக்கொண்டார்கள். அதுவே அவர் எழுதுவித்த கடைசிக் கடிதம். அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதெல்லாம் புழுதிக் கால்கள் இரண்டு இறங்குமா என்று இன்னமும் பார்க்கிறேன்.

எஸ்தர் போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், "வரேன்" என்றாள். நைனா என்று சொல்லவில்லை.

நான் கொஞ்ச நாள் தொழிலுக்குப் போனேன். மனு எழுத உட்கார்ந்தால் 'நேர்ந்த இக்' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். கட்சிக்காரர், "இன்னா குமாஸ்தாவே, மசி தீந்துடுச்சா?" என்பார். நாற்பத்தைந்து வயதில் எழுதுகோலை வைத்துவிட்டேன்.

மூன்று வருஷமாக மாதம் ஒரு கடிதம் வரும், ஞானம்மாவின் பெயருக்கு. நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'நைனாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லவும்.' ஞானம்மா அடுப்பங்கரைக்குப் போன பிறகு அந்த வரியை மட்டும் இரண்டு குரலில் படித்துப் பார்ப்பேன். ஒரு குரலில் பாசமாக இருக்கும். இன்னொன்றில், கடமைக்கு எழுதினதாக இருக்கும். எந்தக் குரல் அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பயிற்சி முடித்ததும், திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததும் இப்படித்தான் தெரிய வந்தது. சுரங்கத்தில் பகல் சங்கு ஊதும்போது, இப்போது அவள் எந்த வகுப்பில் நிற்பாள், என்ன பொருளைக் கையில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை பகல் சங்கு ஊதி அடங்கின சற்று நேரத்தில் வாசலில் நிழல் தட்டிற்று. எஸ்தர். கையில் துணிப்பை. முன்கூட்டிக் கடிதம் எதுவும் இல்லை. ஞானம்மா அழுதுகொண்டே தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் எழுந்து நின்றேன். அவள் உட்காரும்வரை நின்றேன்.

அவள் உட்கார்ந்தாள். என் மேசையைப் பார்த்தாள். காகிதங்கள்மேல் மசிக்கூடு.

"எங்க போர்டிங்குல ஒரு பொண்ணு" என்றாள். "பன்னெண்டு வயசு. வார்டன் அம்மா கடியாரம் காணாமப் போச்சு, இவ பெட்டியில கெடைச்சுது. இவ வெச்சதில்ல, எனக்குத் தெரியும். போலீசுல சொல்லியிருக்காங்க. திங்கக்கிழம மன்னிப்புக் கடுதாசு குடுத்தா பள்ளிக்கூடத்தோட முடிச்சுடறோம்னு சொல்றாங்க. அவங்க அப்பா எழுதச் சொல்றாரு."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு முழுத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். நடுவில் கோடு போட்டிருந்தது. கொஞ்சம் கோணல், ரயிலில் போட்டிருப்பாள். மசிக்கூட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, என் கையில் கொடுத்தாள்.

"இந்த வாட்டி நான் சொல்றேன் நைனா" என்றாள். "நீங்க எழுதுங்க."